கையைக் கடிக்கும் பையன் என்ன சொல்கிறான்?

மூன்றாம் வகுப்பு, காலை 11.30 மணி. கணக்குத் தாள் மேசைக்கு வந்ததும் அந்தப் பையன் தன் வலது மணிக்கட்டைக் கடிப்பான். பழைய தழும்பின் மேல் புதுப் பல்தடம் விழும். பக்கத்துப் பிள்ளைகள் "மிஸ், கடிக்கிறான்" என்று கத்துவார்கள். வகுப்பு ஆசிரியை பதறி ஓடி வந்து தாளை எடுத்துவிட்டு, அவனை வராந்தாவில் கொண்டுபோய் உட்கார வைப்பார். வாசலில் ஒரு வேப்பமரம். 5 நிமிடத்தில் அமைதியாகிவிடுவான். மறுநாள் அதே நேரம், அதே தாள், அதே கடி.

சிறப்பாசிரியராக வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். "காரணமே இல்லாமல் கடிச்சுக்கிறான் மிஸ், கோபம் ரொம்ப அதிகம்" என்றார் அந்த ஆசிரியை. அக்கறை இல்லாதவர் அல்ல அவர். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இவனையும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். தாள் வந்தது. கடித்தான். தாள் போய்விட்டது. அவனுக்குப் பேச்சு வராது. "இது எனக்குப் புரியவில்லை, போதும்" என்று சொல்ல அவனிடம் இருந்தது அந்தக் கடி ஒன்றுதான். அதைச் சொன்னால் வகுப்பே கேட்டது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இந்தப் பார்வைக்குத்தான். கடிப்பது, அடிப்பது, ஓடுவது, கத்துவது எதுவானாலும், "இதை எப்படி நிறுத்துவது?" என்று கேட்பதற்கு முன்னால், "இதைச் செய்வதால் இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்க வேண்டும். சிறப்புக் கல்வியில் இதை நடத்தையின் பயன் என்கிறோம். பயன் தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை பெரும்பாலும் இருட்டில் கல் எறிவதுதான். அந்த ஆசிரியை தண்டனை என்று நினைத்து வராந்தாவுக்கு அனுப்பினார்; பையனுக்கு அதுவே கேட்டது கிடைத்த இடம்.

ஆட்டிசம் பற்றிச் சுருக்கமாக. அது நோய் அல்ல, மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதில் வேறுபாடு இருக்கும். ஒரே மாதிரியான வழக்கங்களில் பிடிப்பு இருக்கும். ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வார்கள். 1943-இல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எதுவும் மாறாமல் இருக்க வேண்டும் என்ற அவர்களின் தவிப்பு பதிவாகியிருக்கிறது. உணர்வு பற்றிய பகுதியை அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன் கையேட்டில் அறிகுறியாகச் சேர்த்தது 2013-இல்தான். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையின் அம்மாவுக்கு அது எப்போதோ தெரியும்.

நம் அரசு ஆவணங்களில் 'புற உலக சிந்தனையற்றோர்' என்று ஒரு சொல் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் புற உலகம் தாங்க முடியாத அளவுக்குத் தெரிகிறது. டியூப் லைட்டின் ரீங்காரம், சட்டைக் காலரில் உள்ள லேபிள், மதிய உணவுக் கூடத்தின் தட்டுச் சத்தம் என்று நாம் கவனிக்காததெல்லாம் அவர்களைப் போட்டு அழுத்துகிறது.

ஒரு 40 பக்க நோட்டு

சரி, பயனை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊகித்து அல்ல, எழுதி. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பத்தியில் அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, நடுவில் பிள்ளை என்ன செய்தது, கடைசியில் அதற்கு அடுத்து என்ன நடந்தது. பயிற்சி வகுப்புகளில் ஏ-பி-சி பதிவு என்பார்கள். சாதாரண நோட்டும் பேனாவும் போதும்.

எழுதுவதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "கோபப்பட்டான்", "வேண்டுமென்றே செய்தான்", "அடம் பிடித்தான்" இவையெல்லாம் நம் முடிவுகள். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருந்தது: "செவ்வாய், 11.35. முன்னால்: 20 கழித்தல் கணக்கு உள்ள தாளை மிஸ் வைத்தார், 'சீக்கிரம் போடு' என்றார். செய்தது: தாளைத் தள்ளினான், நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினான், பிறகு மணிக்கட்டைக் கடித்தான், சுமார் 10 நொடி. பின்னால்: தாள் எடுக்கப்பட்டது, வராந்தா."

அந்தப் பதிவுகளில் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. கடிப்பதற்கு முன் அவன் தாளைத் தள்ளுகிறான், ஆடுகிறான். அதாவது முதலில் மெதுவாகத்தான் சொல்கிறான்; யாரும் கேட்காததால் சத்தமாகச் சொல்கிறான். இன்னொன்று, நான் போகாத நாள்களிலும் மிஸ் எழுதிவைத்த எட்டு நாள் பதிவில் ஓவியப் பாடத்தில் ஒரு கடிகூட இல்லை. நடத்தை எப்போது வருகிறது என்பதைப் போலவே எப்போது வரவில்லை என்பதும் பெரிய தகவல். அவனுக்குக் கோபம் அதிகம் என்றால் ஓவியப் பாடத்திலும் வந்திருக்க வேண்டும் அல்லவா?

இப்படிப் பதிவு செய்தால் பெரும்பாலும் நான்கு பயன்களில் ஒன்றில் வந்து நிற்கும். ஒன்று, கவனம் கிடைப்பது. திட்டுவதும் கவனம்தான் என்பதை மறந்துவிடுகிறோம், யாரும் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்கு "டேய்!" என்ற அதட்டல்கூட ஒரு வரவேற்பு. இன்னொன்று, வேண்டிய பொருள் கிடைப்பது. கடையில் விழுந்து புரண்டால் பிஸ்கட் வரும் என்பது ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் தெரியும். மூன்றாவது, நம் பையனைப் போல, பிடிக்காததிலிருந்து தப்பிப்பது. வகுப்பறையில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். நான்காவது உடலின் உணர்வுத் தேவை. ஆடுவது, கையை உதறுவது, ஒரே ஒலியை எழுப்புவது போன்றவை அந்த உடலுக்கு இதம் தருகின்றன. யாரும் இல்லாத அறையிலும் ஒரு பிள்ளை அதைச் செய்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே நடத்தைக்கு ஆளுக்கு ஆள் வேறு பயன் இருக்கும் என்பதுதான் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம். மூன்று பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி மிஸ் தன்னிடம் வரவேண்டும் என்று கத்துகிறாள், ஒருவன் எழுத முடியாமல் கத்துகிறான், மற்றவன் பெல் சத்தம் தாங்காமல் கத்துகிறான். "கத்தினால் கண்டுகொள்ளாதே" என்று ஒரே மருந்தை மூவருக்கும் கொடுத்தால் இரண்டு பேருக்கு அது அநியாயம்.

இந்த நான்குக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது: வலி. ஒரு சிறுமி திடீரென்று தாடையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். எழுதும் வேலையைத் தவிர்க்கிறாள் என்று நான் நோட்டில் எழுதினேன், அதற்கேற்ப வேலையைக் குறைத்தேன். மூன்று வாரம் போனது. அவள் அம்மாதான் சொன்னார்: "டீச்சர், சோத்தை ஒரு பக்கமா ஒதுக்கித்தான் மெல்லுறா." கடைவாய்ப் பல் சொத்தை. பல் சரியானதும் அடிப்பது நின்றுவிட்டது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. புதிதாக ஒரு நடத்தை திடீரென்று வந்தால் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வேறு வழி கிடையாது.

கடிக்குப் பதில் ஒரு சொல்

1985-இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். கவனம் கிடைக்காதபோது கலவரம் செய்யும் பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுத்தந்தார்கள். வேலை கடினமானால் கலவரம் செய்யும் பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுத்தந்தார்கள். கலவரம் வெகுவாகக் குறைந்தது. சொல்லை மாற்றிக் கற்றுத்தந்தபோது குறையவில்லை. புரியாமல் தவிக்கும் பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்ற கேள்வியால் என்ன பிரயோசனம்? பயனுக்குப் பொருந்தும் சொல்தான் கடியின் இடத்தில் உட்கார முடியும்.

நம் பையனுக்குப் பேச்சு வராததால் ஓர் அட்டை செய்தோம். உள்ளங்கை அளவு, பின்னணி மஞ்சள், நடுவில் வராந்தா பெஞ்சின் புகைப்படம், கீழே 'போதும்' என்ற எழுத்து. மேசையின் வலது மூலையில் வெல்க்ரோவால் ஒட்டினோம், எப்போதும் கைக்கு எட்டும்படி. படத்தைக் கொடுத்துப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று அவன் பாட்டி பயந்தார். நியாயமான பயம், நிறைய வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. படமும் கருவியும் பேச்சைத் தடுப்பதில்லை, சில பிள்ளைகளுக்கு அவற்றால் பேச்சும் கூடுகிறது. இப்போது டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் குரல் வரும் செயலிகளும் உண்டு. சென்னையில் உருவான 'ஆவாஸ்' தமிழிலும் பேசும். எங்களுக்கு அட்டையே போதுமானதாக இருந்தது.

கற்றுத்தந்த விதம் இதுதான். மிஸ் முன்னால் உட்கார்ந்து தாளை வைப்பார். நான் அவன் பின்னால் நிற்பேன். அவன் தாளைத் தள்ளும் அந்த நொடியில், கடிப்பதற்கு முன்பே, அவன் கையைப் பிடித்து அட்டையை எடுக்க வைத்து மிஸ்ஸின் கையில் கொடுக்க வைப்பேன். மிஸ் "போதும்" என்று சொல்லி உடனே தாளை எடுத்துவிடுவார். மணல் கடிகாரத்தில் 2 நிமிடம் வராந்தா, பிறகு திரும்பி வருவான். நான் வாயே திறக்க மாட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் அதற்காகக் காத்திருக்கப் பழகிவிடுவான். மூன்றாம் நாள் என் கையை எடுத்துப் பார்த்தேன். அட்டையைத் தொட்டான், மிஸ்ஸைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான், கொடுத்தான். மிஸ் அழுதுவிட்டார்.

இதில் ஒரு விதியை மட்டும் தளர்த்தவே கூடாது. ஆரம்ப நாள்களில் அட்டை வந்தால் ஒவ்வொரு முறையும், உடனே, கேட்டது கிடைக்க வேண்டும். அட்டையைக் கொடுத்துவிட்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்து, கடித்தால் உடனே கிடைக்கும் என்றால் அவன் கடியைத்தான் எடுப்பான். நீங்களும் நானும்கூட அப்படித்தான் செய்வோம்.

"அப்போ நாள் முழுக்க அட்டையையே நீட்டிக்கொண்டிருப்பானே, பாடம் எப்போது நடக்கும்?" என்று மற்ற ஆசிரியர்கள் கேட்டார்கள். உண்மைதான், முதல் வாரம் ஒரு நாளைக்கு 15 முறை கூட நீட்டினான். அட்டை உறுதியான பிறகு மெதுவாகக் கூட்டினோம்: ஒரு கணக்குப் போட்டுவிட்டுக் கொடு, பிறகு இரண்டு, பிறகு நான்கு. இதற்கு 'முதலில் – அப்புறம்' அட்டை உதவும். முதலில் இரண்டு கணக்கு, அப்புறம் வராந்தா. டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959-இல் இதை ஒரு கொள்கையாக எழுதினார். "சாதத்தைச் சாப்பிடு, அப்புறம் விளையாடப் போகலாம்" என்று நம் வீடுகளில் சொல்வதும் அதேதான். வாயால் சொன்னது காற்றில் போய்விடும், அட்டை கண்ணெதிரே இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

அப்புறம் அந்தத் தாளையும் பார்த்தோம். பார்த்திருக்க வேண்டியது முதலில் அதைத்தான். 20 கணக்கும் கடன் வாங்கிக் கழிப்பவை, பொடி எழுத்தில் நெருக்கமாக. அவனுக்கோ ஒற்றை இலக்கக் கழித்தல் மட்டும்தான் வந்தது. புளியங்கொட்டையை வைத்து 9-லிருந்து 4-ஐ எடுக்கச் சொன்னால் வேகமாக எடுப்பான். பக்கத்துக்கு 4 கணக்கு, பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு டப்பா புளியங்கொட்டை என்று மாற்றியதும் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஒரு பிள்ளை தப்பித்து ஓடும்போது அது எதிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். சில நேரம் ஓடுவது முற்றிலும் நியாயம்.

அடுத்து என்ன என்று தெரிந்தால்

1972-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் என்ற உளவியலாளரின் தலைமையில், ஆட்டிசம் உள்ளவர்களுக்காக அந்த மாநிலம் முழுவதற்கும் டீச் (TEACCH) என்ற திட்டம் தொடங்கியது. அங்கிருந்து வந்த ஒரு முறை இன்று பல ஊர்ச் சிறப்புப் பள்ளிகளில் இருக்கிறது. வேலைக்கு உட்காரும் பிள்ளைக்கு நான்கு கேள்விக்குக் கண்ணால் பார்த்தே பதில் தெரிய வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், முடிந்ததும் என்ன? இடது பக்கம் மூன்று டப்பா, வலது பக்கம் ஒரு காலிக் கூடை. டப்பாவில் உள்ளதை முடித்து வலது கூடையில் போட வேண்டும். இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது. எவ்வளவு நேரம் இது தொடரும் என்று தெரியாத பதற்றம் போய்விடும்.

மாற்றங்களுக்கும் இதே வழிதான். மழை விடுமுறை, ஆண்டு விழா ஒத்திகை, டீச்சர் லீவு என்று நம் பள்ளிகளில் கால அட்டவணை குலைவது சர்வ சாதாரணம். சுவரில் அன்றைய நாளைப் படங்களாக வரிசைப்படுத்தி, மாறும் இடத்தில் முன்கூட்டியே படத்தை மாற்றிக் காட்டுங்கள். காலை பிரார்த்தனைக் கூட்ட மைக் தாங்காத பிள்ளையை ஸ்பீக்கருக்குப் பின்புறம், வரிசையின் கடைசியில் நிறுத்தலாம். ஒரு பைசா செலவில்லை.

இவ்வளவு செய்தும் வெடிக்கும் நாள்கள் வரும். மெல்ட்டவுன் என்பார்கள். அடம் வேறு, இது வேறு. அடம் பிடிக்கும் பிள்ளை நம்மை ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். மெல்ட்டவுனில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, அது பிள்ளையின் கையை மீறிப் போயிருக்கும். அந்த நேரம் பாடம் நடத்தும் நேரம் அல்ல. "ஏன் இப்படிப் பண்றே?" என்ற கேள்விகூட இன்னொரு சத்தம்தான். மற்ற பிள்ளைகளை நகர்த்துங்கள், விளக்கை அணையுங்கள், தலை மோதும் இடத்தில் பையையோ தலையணையையோ வையுங்கள், பேசாமல் பக்கத்தில் இருங்கள். ஒன்று இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. இதுவரை பலித்த நடத்தை பலிக்காமல் போனால் அது குறையும் முன் சில நாள் கூடும். வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்காவிட்டால் ஓங்கித் தட்டுவோமே, அப்படி. அந்த நாள்களில்தான் பலர் "இந்த முறை வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஓங்கித் தட்டினால் திறக்கும் என்று பிள்ளை அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. புதிய சொல்லைக் கற்றுத்தராமல் பழையதை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுவது இதைவிட மோசம். தன்னைத்தானே காயப்படுத்தும் பிள்ளையிடம் அதைச் செய்யவே வேண்டாம்.

அடிப்பது பற்றி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும். ஆனாலும் "ஒரு அடி கொடுத்தா அடங்கிடுவான்" என்று இன்றும் கேட்கிறேன். அடி அந்த நிமிடத்தை அடக்கும், அதனால் அடித்தவருக்கு அது பலித்ததாகத் தோன்றும், அடுத்த முறையும் கை நீளும். பிள்ளைக்கோ போதும் என்று சொல்ல இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும். எங்கள் துறைக்கே இதில் கறை படிந்த வரலாறு உண்டு. 1960-களில் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தந்த பயிற்சிகளில் மின் அதிர்ச்சியைக்கூடப் பயன்படுத்தினார். அப்படிப்பட்ட பயிற்சிகளை, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்று எழுந்து நின்று கண்டிக்கிறார்கள். பிள்ளையை ஆட்டிசம் இல்லாதது போல் நடிக்கவைப்பதா கல்வி என்று அவர்கள் கேட்பதை நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாருக்கும் தீங்கில்லாமல் கையை உதறும் பிள்ளையை உதறவிடுங்கள். காயமும் ஆபத்தும் கற்பதற்குத் தடையும் உள்ளவற்றுக்கு மட்டும் நோட்டை எடுங்கள்.

"இவனுக்கு வேற ஸ்கூல் பாருங்க" என்று சொல்லப்பட்ட பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டம் அதையும் சேர்த்து 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை அதில் உண்டு. உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைக் கேளுங்கள்.

அந்தப் பையன் அந்தக் கல்வியாண்டு முடியும்போது ஒரு மூச்சில் 6 கணக்குப் போட்டான். அட்டையை நாளுக்கு இரண்டு மூன்று முறை கொடுத்தான். மணிக்கட்டுத் தழும்பு மங்கியிருந்தது. அட்டையின் மூலைகள் பிய்ந்து புதிது ஒட்டியபோது பழையதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், யாருக்கும் தரவில்லை. ஆனால் பென்சில் முனை உடைந்தால் நோட்டுத் தாளைக் கிழிக்க ஆரம்பித்திருந்தான். மிஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவரே ஸ்கேலை எடுத்து, புதிய பக்கத்தில் இரண்டு கோடு போட்டு மூன்றாகப் பிரித்து, முதல் பத்தியில் எழுதினார்: "2.10. பென்சில் உடைந்தது. ஷார்ப்னர் என் மேசையில் இருந்தது."